எழுத்துக்கும் அரசு வேண்டும்

(தமிழன்பர்களின் திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மொழியின் வாழ்வு அதைப் பேசுவோரின் வாயில் மட்டும் இல்லை. அவர்தம் எழுத்திலும் இருக்கின்றது. எழுத்தின் வாழ்வோ அவ்வெழுத்தைத் தாங்கும் பொருளில் இருக்கின்றது. கல்லும் செப்பேடும் ஓலையும் தமிழைத் தாங்கின. பின்னர்த் தாள் தாங்கியது. இற்றை நாள் கணினி தாங்குகின்றது. கல்லில் வெட்டிய உளியும் ஓலையிற் கீறிய எழுத்தாணியும் தமிழன் கையில் இருந்தன. ஆனால், கணினிக்குள் தமிழெழுத்து எந்த இடத்தில் அமரவேண்டும், எந்தப் பெயரால் அழைக்கப்பெறவேண்டும், எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்பவற்றை யெல்லாம் முடிவு செய்தவன் தமிழன் அல்லன். இந்த ஒன்றின் விளைவைத்தான் இன்று தமிழகத்தின் அலுவலகங்கள் நாள்தோறும் நுகர்ந்துகொண்டிருக்கின்றன.

இது தமிழின் இயலாமையால் நேர்ந்ததன்று. இந்திய மண்ணில், இந்நாட்டு மொழியொன்றின் எழுத்தில் முதன்முதல் அச்சேறியது தமிழே. 1578-ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதற்குச் சான்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிற் பிறந்து மலையாவில் வாழ்ந்த முத்தையா என்பார், அரசின் துணை ஏதுமின்றித் தம் உழைப்பால் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். அச்சுக்கும் தட்டச்சுக்கும் ஈடுகொடுத்த எழுத்து, கணினிக்கு மட்டும் ஈடுகொடாதா? எழுத்து ஈடுகொடுக்கும், அதனை ஆள்வோர்தாம் ஈடுகொடுத்திலர்.

ஓர் எழுத்தரின் ஒரு நாள்

வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் முதியோர் உதவித்தொகைப் பிரிவில் அமர்ந்திருக்கும் எழுத்தர் ஒருவரை உள்ளத்தில் நிறுத்திக்கொள்க. அவர் நல்ல தமிழர். தம் கையெழுத்தைத் தமிழில் இடுபவர். கோப்பில் 'பார்வைக்கு' என்று எழுதுமிடத்தும் ஆங்கிலம் கலவாதவர். அவருடைய ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது?

காலை பத்தரை மணி. முந்திய ஆண்டுகளில் எழுதப்பெற்ற பயனாளிகள் பட்டியல் ஒன்றை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் கேட்கின்றது. எழுத்தர் அக்கோப்பைத் திறக்கின்றார். திரையில் தமிழ் இல்லை. உரோமன் எழுத்தும் புள்ளியும் பிறையும் குறுக்குக் கோடுமாகக் குப்பைக் குவியல் ஒன்று கிடக்கின்றது. அப்பட்டியல் பழைய எழுத்துரு ஒன்றில் அடிக்கப்பெற்றது. அவ்வெழுத்துரு புதிய கணினியில் இல்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு குழுமமும் தன் விருப்பப்படி தமிழெழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் அமர்த்தி விற்றது. ஒருவர் எழுத்துருவில் ககரம் அமர்ந்த இருக்கையில் மற்றொருவர் எழுத்துருவில் வேறோர் எழுத்து அமர்ந்தது. எனவே எழுத்துரு போனால் எழுத்தும் போயிற்று. கல்வெட்டு ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் படிக்கப்பெறுகின்றது. கணினிக் கோப்போ இருபதாண்டுக்குள் ஊமையாகிவிட்டது!

பதினொன்றரை மணி. எப்படியோ ஒரு மாற்றியைத் தேடிப்பிடித்து, பட்டியலைப் புதிய குறியேற்றத்துக்குக் கொணர்கின்றார். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கின்றன. பழைய எழுத்துருவில் கொம்பு எழுத்துக்கு முன்னர் அடிக்கப்பெற்றது. புதிய முறையில் அது மெய்க்குப் பின்னர்ச் சேமிக்கப்பெறுவது. மாற்றி பிழைபட்ட இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்த உண்ணும் வேளை வந்துவிடுகின்றது.

இரண்டு மணி. பெயர்களை அகரவரிசைப்படுத்துமாறு பொறியை ஏவுகின்றார். பொறி வரிசைப்படுத்துகின்றது. ஆனால் கனிமொழி முன்னரும் கபிலன் பின்னரும் நிற்கின்றனர். பகரம் முன், னகரம் இறுதி என்பது திண்ணைப் பள்ளிச் சிறுவனும் அறிந்தது. பொறி அதனை அறியவில்லை. அகராதியில் 'அக்கம்' முன்னும் 'அகம்' பின்னும் வருதல் மரபு; பொறி அதனையும் தலைகீழாக்கிவிட்டது.

மூன்று மணி. பெயரை நிரப்பும் கட்டத்தில் 'முத்துக்குமாரசாமி' என்று எழுதுகின்றார். 15 எழுத்துக்கு இடம் உண்டு என்று அப்படிவம் கூறுகின்றது. அப்பெயரில் உள்ளவை 9 எழுத்துகளே. ஆயினும் பொறி 'முத்துக்குமாரசா' என்று எழுதி நின்றுவிடுகின்றது. ஏனெனின், தமிழ் இலக்கணத்துக்கு அது 9 எழுத்து. பொறியின் கணக்கிலோ அது 17 குறி!

நான்கு மணி. இதுதான் நெஞ்சைச் சுடுவது. கோல் ஊன்றிய மூதாட்டி ஒருவர் மேசை முன் நிற்கின்றார். பெயர் அழகம்மாள். குடும்ப அட்டையில் அழகம்மாள். ஆனால் வேறொரு பதிவில், யாரோ ஒருவர் அப்பெயரை முதலில் ஆங்கில எழுத்தில் அடித்து, அதனைத் தானாகத் தமிழாக்குமாறு பொறியிடம் விட்டிருக்கின்றார். அழகு அலகாயிற்று, அழகம்மாள் அலகம்மாள் ஆனார். 'இரண்டு பெயரும் ஒத்துவரவில்லை' என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. உதவித்தொகை நின்றுபோயிற்று. தம் பெயரில் ழகரம் எங்கே போயிற்று என்று அம்மூதாட்டிக்குத் தெரியாது. மருந்துக்கும் அரிசிக்கும் அடுத்த திங்கள் என்ன செய்வது என்பது மட்டும் தெரியும்.

அன்பர்களே! ழகரச் சிறப்பை மேடையில் முழங்குவோர் பலர். அந்த ழகரம் தவறியதால் ஒரு மூதாட்டியின் அடுப்பு அணைந்தது என்பதை எண்ணுவோர் எத்துணைப் பேர்? எழுத்துச் சிக்கல் புலவர் சிக்கல் மட்டும் அன்று. அது சோற்றுச் சிக்கல்.

அட்டவணையின் உள்ளே

'கணினி என்றால் இப்படித்தான்' என்று அவ்வெழுத்தர் பெருமூச்செறிவார். பொறி எவனோ ஒருவன் வகுத்த அட்டவணைப்படி இயங்குவது. ஆகவே அவ்வட்டவணையை நோக்குதல் வேண்டும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தந்து ஒரே அட்டவணைக்குள் அமைப்பது ஒருங்குறி. அதனை வகுப்பது, 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பதிவு பெற்ற ஒருங்குறிச் சேர்த்தியம். பெருங் கணினிக் குழுமங்களும் சில அரசுகளும் அதன் உறுப்பினர்கள். அவ்வாண்டிலேயே வெளிவந்த முதற் பதிப்பில் தமிழுக்கும் இடம் தரப்பெற்றது. அவ்விடத்தின் அமைப்பை அவர்கள் எங்கிருந்து பெற்றனர்? இந்திய நடுவணரசு 1988-இல் வகுத்த இந்திய மொழிக் குறியேற்றத்திலிருந்து பெற்றனர். அக்குறியேற்றமோ, தேவநாகரியை அச்சாக வைத்து மற்றை இந்திய எழுத்துகளை யெல்லாம் அவ்வச்சில் வார்த்தெடுத்தது.

விளைவு என்ன? தமிழ்ப் பகுதியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று வெற்றிடங்கள் கிடக்கின்றன. டகரத்துக்கும் ணகரத்துக்கும் இடையே மூன்று. தகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே மூன்று. பகரத்துக்கும் மகரத்துக்கும் இடையே மூன்று. சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையிலுள்ள மூன்றனுள் நடுவிடத்தில் ஒரு கிரந்த எழுத்து, இருபுறமும் வெற்றிடம். இவ் விடங்கள் யாருக்காக? வடமொழியின் வருக்க எழுத்துகளுக்காக. தமிழில் இல்லாத ஒலிகளுக்கு வீட்டில் பதினைந்து அறைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டுக்குரிய மெய்யெழுத்துகளை வாயிலில் நிறுத்திவைத்த கதை இது!

ஆம், மெய்யெழுத்துக்கு அவ்வட்டவணையில் இடமே இல்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்பது தமிழ் நெடுங்கணக்கு. மெய்யே உடல், அதனோடு அகர உயிர் சேர்ந்து ககரமாகும் என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் கொள்கை. அட்டவணையோ அகரம் ஏறிய ககரத்தை முதலெழுத்தாக வைத்துக்கொண்டு, அதன்மேற் புள்ளி என்னும் வேறொரு குறியைச் சேர்த்தால் மெய் பிறக்கும் என்கின்றது. தாயிடமிருந்து மகள் பிறப்பாள். இங்கே மகளிடமிருந்து தாய் பிறக்கின்றாள். இதனாலன்றோ 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் பொறிக்கு ஐந்து குறியாகின்றது! 'தமிழ்நாடு' ஐந்தெழுத்து, பொறிக்கு ஒன்பது குறி. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழில் எழுதப் புகுந்தால் 70 குறிகளே அடங்கும். சொன்னதையே தமிழிற் சொல்ல இருமுறை விடுக்கவேண்டியதாகின்றது. தாய்மொழிக்குத் தண்டம் இதுவன்றோ?

வரிசையும் அவ்வாறே. னகரம் நகரத்தின் அருகே அமர்த்தப்பெற்றது; றகரம் ரகரத்தின் அருகே; ளகர ழகரங்கள் லகரத்தின் அருகே. வடமொழி நெடுங்கணக்கில் இல்லாத இந்நான்கையும், 'இதனைப் போன்றது இது' என்று கருதி அண்டை வீட்டிற் குடியேற்றினர். எனவே எண் வரிசைப்படி அடுக்கும்போது தமிழ் அகரவரிசை சிதைகின்றது.

பெயர்களை நோக்குக. ஆய்தத்துக்கு அவ்வட்டவணை இட்ட பெயர் 'விசர்க்கம்'. புள்ளிக்கு இட்ட பெயர் 'விராமம்'. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் லகரக் குறியை மும்முறை அடுக்கிப் பெயர் வைத்தனர். ஆய்தம் வேறு, விசர்க்கம் வேறு என்று தமிழ் படித்தோர் ஒருவரைக் கேட்டிருந்தால் அரை நொடியிற் சொல்லியிருப்பார். கேட்பாரில்லை. அப் பெயர்களை இனி மாற்றவும் இயலாது. இட்ட பெயரையும் கொடுத்த இடத்தையும் மாற்றுவதில்லை என்பது இன்று சேர்த்தியத்தின் உறுதியான நெறி.

கொரியர் பெற்றதும் தமிழர் பெற்றதும்

'அட்டவணையில் இடம் போதாது. அதனால்தான் தமிழ் எழுத்து அனைத்துக்கும் இடம் தரவில்லை' என்று கூறுவார் உளர். அவர்கள் கொரிய மொழியை நோக்குக. கொரியர் எழுத்தும் உயிரும் மெய்யும் கூடி அசையாகும் எழுத்தே. அதனை 15-ஆம் நூற்றாண்டில் அவர்தம் மன்னர் சேசோங்கு ஆக்குவித்தார். முதற் பதிப்பில் அவர்களுக்கும் எல்லா அசைகளுக்கும் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் வாளா இருந்தனரா? இல்லை. 1996-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், இயலக்கூடிய அசைகள் 11,172-க்கும், அவர்தம் நெடுங்கணக்கு வரிசைப்படி, புத்தம் புதிய இடம் பெற்றனர். முன்பு அவர்கள் எழுத்துக்குத் தந்திருந்த பழைய இடங்கள் கைவிடப்பெற்றன. இட்ட இடத்தை மாற்றுவதில்லை என்னும் நெறி உறுதிப்பட்டதே அதற்குப் பின்னர்த்தான்.

பதினோராயிரத்து நூற்றெழுபத்திரண்டு எங்கே? இருநூற்று நாற்பத்தேழு எங்கே? கதவு திறந்திருந்த காலத்தில் கொரியர் உள்ளே புகுந்து தம் இருக்கையைப் பெற்றனர். தமிழர் வாயிலுக்கு வந்து சேர்ந்தபோது கதவு அடைபட்டிருந்தது.

ஏன் இவ்வேறுபாடு? கொரிய மொழிக்குப் பின்னே ஓர் அரசு நின்றது. அவ்வரசுக்குப் பின்னே அவர்தம் தொழிற் குழுமங்கள் நின்றன. தமிழுக்கோ, வாதாட வேண்டிய நேரத்தில் வாதாட ஓர் இருக்கை இல்லை; 'இந்திய எழுத்துகள்' என்னும் ஒரே மூட்டையில் அது கட்டப்பெற்றுச் சென்றது. மூட்டையைக் கட்டியவன் தில்லிக்காரன், பிரித்தவன் கலிபோர்னியாக்காரன். உள்ளே இருந்த தமிழை உசாவியவன் ஒருவனும் இல்லை. எழுத்துக்கும் அரசு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

விழித்தபோது வென்றதும் உண்டு

இங்ஙனம் கூறுவதால், எல்லாம் இழந்தாயிற்று என்று சோர்தல் வேண்டா. 2010-ஆம் ஆண்டை நினைவு கூர்க. அவ்வாண்டில் கிரந்த எழுத்துகளை ஒருங்குறியில் ஏற்றும் முயற்சிகள் எழுந்தன. தமிழ்ப் பகுதிக்குள்ளேயே மேலும் கிரந்த எழுத்துகளைப் புகுத்தலாம் என்று ஒரு முன்மொழிவு. கிரந்தப் பகுதிக்குள் எகர ஒகரங்களையும் ழகர றகர னகரங்களையும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று மற்றொரு முன்மொழிவு. முன்னது தமிழுக்குள் வடவெழுத்தைப் புகுத்துவது. பின்னது தமிழின் தனியெழுத்தை வடவெழுத்தின் வரிசையிற் சேர்ப்பது. இரண்டும் ஒரே கத்தியின் இரண்டு முனைகள்.

அன்று தமிழறிஞரும் தமிழியக்கத்தாரும் கணினி வல்லுநரும் ஒருங்கே எழுந்தனர். மடல்கள் பறந்தன, கூட்டங்கள் கூடின, தமிழ்நாட்டரசும் நடுவணரசுக்கு எழுதி, அம்முடிவை நிறுத்திவைக்கக் கேட்டது. பின்னர் 2014-இல் கிரந்தத்துக்குத் தனிப் பகுதி ஒன்று தரப்பெற்றது. ஆனால் தமிழுக்கே உரிய அவ்வைந்தும் அதனுள் இல்லை. தமிழ்ப் பகுதியினுள் புதுக் கிரந்த எழுத்துகளும் புகவில்லை. கேட்டால் கிடைக்கும் என்பதற்கும், கேளாதிருந்தால் பறிபோகும் என்பதற்கும் இவ்விரண்டு நிகழ்ச்சிகளே, 1991-உம் 2010-உமே, சான்று.

தில்லியும் சென்னையும்

இனி அரசியலுக்கு வருவோர் ஒன்றை உணர்தல் வேண்டும். 1965-இல் தமிழ் மாணவர் சிந்திய குருதி வீண்போகவில்லை. 1976-இல் நடுவணரசு இயற்றிய ஆட்சிமொழி விதிகள், இந்தியா முழுமைக்கும் உரியன. தமிழ்நாடு நீங்கலாக என்று அவ்விதிகளே கூறுகின்றன. இஃது அரிய வெற்றி. ஆனால் இந்தி வாராமல் தடுத்தல் வேறு. தமிழை அமர்த்துதல் வேறு. இந்தியை வாயிலிலேயே நிறுத்திய தமிழர், வீட்டின் நடு இருக்கையில் அமர்த்தியது யாரை? ஆங்கிலத்தை. நடுவணரசின் வலைத்தளங்கள் பல இந்தியிலும் ஆங்கிலத்திலும் இயங்குகின்றன, அவற்றைத் தமிழர் கண்டிக்கின்றனர், கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டு அலுவலகத்துக் கணினி பிழைச் செய்தியை எம்மொழியிற் கூறுகின்றது? அதனைக் கண்டித்தவர் யார்?

தமிழே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றப்பெற்றது 1956-இல். அதன்பின் தமிழ்நாட்டை ஆண்டோர் அனைவரும் தமிழின் பெயரைச் சொல்லியே ஆண்டனர். ஆயினும் மென்பொருளை வாங்கும்போது, 'தமிழில் வரிசைப்படுத்துமா? தமிழில் எழுத்தை எண்ணுமா? ழகரத்தை விழுங்காமல் விடுமா?' என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டு வாங்கும் வழக்கம் வேரூன்றவில்லை. மாநாட்டு வளைவில் ஒளிரும் தமிழ், மேசைமேற் கணினியில் மங்கிக் கிடக்கின்றது. வளைவுக்குச் செலவிடுவதிற் பத்தில் ஒரு பங்கை வரிசைக்குச் செலவிட்டிருந்தால், எத்துணையோ அழகம்மாள்களின் உதவித்தொகை நின்றிராது.

நடந்த நல்லனவற்றையும் மறைத்தல் கூடாது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்பிரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை பிறந்தது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில் என்னும் அதன் அமைப்பு தமிழ் இலக்கணத்தின் அமைப்பே. 'அம்மா' என்று எழுத அகரமும் மகரமும் மகரமும் ஆகாரமுமாக நான்கு தட்டுகள் போதும். முதல் மகரத்தின்மேல் புள்ளி தானே ஏறிக்கொள்ளும். 'பந்து' என்று எழுதினால் நகரத்தின்மேற் புள்ளி தானே ஏறும். மெல்லினத்தின் பின் அதன் இனமான வல்லினம் வரும் தமிழியல்பை அப் பலகை அறிந்திருக்கின்றது! அதுபோலவே 2010 சூன் திங்களில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடிய வேளையில், ஒருங்குறியைத் தமிழ்நாட்டின் குறியேற்றமாகவும், எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் 16 துகட் குறியேற்றத்தை அதற்கு மாற்றாகவும் அரசு ஏற்றது. பின்னது தமிழிலக்கணத்துக்கு இசைந்தது. ஆனால் உலக அட்டவணையில் அதற்குத் தனி உரிமை இடம் இல்லை. யாரும் தம் விருப்பப்படி ஆளக்கூடிய தனிப்பயன் பரப்பிலேயே அது நிற்கின்றது. தனக்கென நிலமில்லாதவன் புறம்போக்கில் வீடு கட்டியது போலத்தான்.

தமிழர் தம் பங்கு

குற்றம் அனைத்தையும் தில்லியின்மேலும் அமெரிக்காவின்மேலும் சுமத்திவிட்டுக் கைகழுவுதல் நேர்மையன்று. பழைய எழுத்துருக் குழப்பத்தைச் செய்தவர் யார்? பெரும்பாலும் தமிழரே. ஆளுக்கொரு குறியேற்றம், ஆளுக்கொரு பலகை என்று ஒருவர்க்கொருவர் ஒவ்வாத தீவுகளாக வாழ்ந்தனர். பொதுமுறை ஒன்றை வகுக்க 1999 வரை காத்திருந்தனர். அதற்குள் உலக அட்டவணை வெளிவந்து எட்டாண்டு ஆகியிருந்தது. ஒற்றுமையின்மை மூவேந்தர் காலத்தோடு ஒழிந்துவிடவில்லை. எழுத்துருவிலும் அது குடிகொண்டது.

ஒருங்குறியால் விளைந்த நன்மையையும் ஒப்புதல் வேண்டும். இன்று சென்னையில் எழுதிய தமிழை யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் தொராண்டோவிலும் அவ்வாறே படிக்க முடிகின்றது. பழைய எழுத்துருக் காலத்தில் அடுத்த தெருவிலும் படிக்க முடியவில்லை. அதன் அட்டவணையில் உள்ள குறையையும் மென்பொருளாற் பெரும்பாலும் நிரப்பிக்கொள்ள இயலும். தமிழ் அகரவரிசைக்கான நெறிகள் இன்று வகுக்கப்பெற்றுள்ளன. அவற்றைப் பின்பற்றும் மென்பொருளில் கபிலன் முன்னும் கனிமொழி பின்னும் முறையாகவே நிற்பர். குறியை எண்ணாது எழுத்தை எண்ணவும் பொறிக்குக் கற்பிக்கலாம். அங்ஙனமாயின் அலுவலகங்களில் ஏன் இத்துணைத் துன்பம்? கேட்டு வாங்குவார் இல்லாமையே கரணியம். வாங்குபவன் கேளாததை விற்பவன் தருவானா?

மற்றுமொரு கேட்டினையும் சொல்லியாகவேண்டும். இளைஞர் பலர் தமிழை உரோமன் எழுத்தில் அடித்து, அதனைப் பொறி தமிழாக்கக் காத்திருக்கின்றனர். லகரமா, ளகரமா, ழகரமா என்று அவர்கள் எண்ணுவதில்லை. பொறி காட்டும் பட்டியலில் முதலில் நிற்பதைத் தொட்டுவிடுகின்றனர். எழுத்தறிவு கையிலிருந்து பொறிக்குப் போய்க்கொண்டிருக்கின்றது. அன்னையைப் பெயர் சொல்லி அழைக்க அயலான் ஒருவனை இடையில் நிறுத்துவது போன்றது அது. 'எளிதாக இருக்கின்றது' என்பர். தமிழ் 99 பலகையை நாளொன்றுக்கு அரைமணி வீதம் சில கிழமைகள் பழகினால் அதனினும் எளிதாகும். பழகிப் பார்த்தோர் அறிவர்.

'ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டால் இச்சிக்கலே இல்லையே' என்று கூறுவாரும் உளர். கண்ணிற் புரை விழுந்தால் புரையை நீக்குவரா, கண்ணைப் பிடுங்குவரா? ஆங்கிலத்தில் எழுதியதனாலன்றோ அழகு அலகாயிற்று! தமிழ்ப் பெயரைத் தாங்கும் ஆற்றல் உரோமன் எழுத்துக்கு இல்லை என்பதே அந்நிகழ்ச்சி காட்டுவது.

செய்யவேண்டுவன

எனவே, தமிழியக்கத்தார் கையிலெடுக்கவேண்டியவை இவை.

ஒன்று: தமிழ்நாட்டரசு வாங்கும் எந்த மென்பொருளும் தமிழில் முறையாக வரிசைப்படுத்தவும், எழுத்தை எழுத்தாக எண்ணவும், செய்திகளைத் தமிழிற் கூறவும் வேண்டும், இல்லாதது வாங்கப்பெறுதல் கூடாது என்று ஆணை வேண்டும், ஆணை நடைமுறைக்கு வந்ததா என்று பார்க்க ஒரு குழுவும் வேண்டும். ஆணைக்குப் பஞ்சம் என்றும் இருந்ததில்லை, நடைமுறைக்கே பஞ்சம்.

இரண்டு: குடிமக்கள் பெயர் எந்தப் பதிவிலும் முதலில் தமிழில் எழுதப்பெற்று, அதிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லுதல் வேண்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருதல் ஒழியவேண்டும்.

மூன்று: பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கும் அரசுக் கோப்புகளும் நூல்களும் இதழ்களும் ஒருங்குறிக்கு மாற்றப்பெறுதல் வேண்டும். இன்னும் சில ஆண்டுகள் வாளா இருப்பின், அவற்றைத் திறக்கும் பொறியும் இராது, அறிந்த ஆளும் இரார்.

நான்கு: ஆறாம் வகுப்பு முதலே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் 99 பலகை கற்பிக்கப்பெறுதல் வேண்டும். எழுதுகோல் பிடிக்கக் கற்பிக்கும் ஆசிரியரே இதனையும் கற்பித்தல் வேண்டும். எழுத்தைக் கற்பிப்பது தமிழாசிரியரின் கடன் என்றால், எழுத்து இன்று எங்கே எழுதப்பெறுகின்றதோ அங்கே கற்பிப்பதும் அவர்தம் கடனே.

ஐந்து: உலக எழுத்து அட்டவணையில் தமிழைப் பற்றி எந்த முன்மொழிவு எழுந்தாலும் அதனை உடனே படித்து, மறுக்க வேண்டியதை மறுக்கவும் ஏற்கவேண்டியதை ஏற்கவும் வல்ல இலக்கணப் புலவரும் கணினி வல்லுநரும் கொண்ட நிலையான காவற்குழு வேண்டும். புலவர்க்குக் கணினி தெரியாது, கணினியர்க்கு இலக்கணம் தெரியாது என்னும் நிலை நீடிக்கும் வரையில், இரண்டும் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மூன்றாமவனே முடிவு செய்வான்.

அன்பர்களே! 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கியபோது, வடசொல் கலவாமல் தமிழ் இயங்குமா என்று நகைத்தவர் பலர். இயங்கியது. பாவாணர் வேர்ச்சொல் கண்டபோதும் நகைத்தனர். நகைத்தோர் மறைந்தனர், வேர் நின்றது. சொல்லைக் காக்க ஒரு தலைமுறை உழைத்தது. அச்சொல்லைத் தாங்கும் எழுத்தைப் பொறிக்குள்ளே காக்கவேண்டியது இத்தலைமுறையின் கடன். சொல் தூய்தாயினும் எழுத்து அயலான் கையில் இருப்பின், அது கூலிக்கு எழுதிய ஓலையாகவே முடியும்.

எழுத்தாணி மீண்டும் தமிழன் கைக்கு வரட்டும். நாளை அலுவலகம் செல்வோர் ஒரு மடலையேனும் தமிழ் 99 பலகையில் எழுதுக. நாளை வகுப்பிற்குச் செல்வோர் ஒரு மாணவனுக்கேனும் அதனைக் கற்பிக்க. அரசு அலுவலகத்தில் ஒப்புகைச் சீட்டு பெறுவோர், அதனைத் தமிழிலேயே கேட்டுப் பெறுக. பெயர் பிழைபட்டிருப்பின் திருத்தும் வரை எழாதிருக்க. இவை சிறு செயல்கள். ஆயினும் இவற்றைச் செய்யாத இனம் பெருஞ்செயல் எதனையும் செய்ததாக வரலாறு இல்லை.

தமிழ் வெல்க!